பரணில் கிடக்கும் பழைய கணிப்பொறி

உங்கள் இல்லத்துப் பரணிலோ, பள்ளிவாசலின் சாமான் அறையிலோ, மஞ்சள் பாரித்த பெட்டி ஒன்று துணி சுற்றிக் கிடக்கின்றதா? காயலான் கடைக்காரர் அதற்கு எடை பார்த்து விலை சொல்லுவார். கொடுத்துவிடுவதற்கு முன் இக்கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் கணிப்பொறிக் கல்வி கற்றவனல்லன். வரலாறு படித்த கலைப் பட்டதாரி. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என் பணி. எங்கள் காவேரிப்பட்டினத்தில் சில ஆண்டுகளுக்கு முன், ரமளானை முன்னிட்டு மதரஸாவுக்கு வெள்ளையடித்தபோது, பழைய பாய்களுக்கு அடியில் 386 வகைக் கணிப்பொறி ஒன்று கிடைத்தது. அதனருகே ஒரு பிஸ்கட் டின்; அதனுள் பதினொரு பிளாப்பி வட்டுகள். மர்ஹூம் ஆகிவிட்ட பெரியவர் ஒருவர், மஹல்லாவின் நிக்காஹ் பதிவேட்டை 1990களில் தம் சொந்த ஆர்வத்தால் தட்டச்சுச் செய்து வைத்தவை அவை.

அந்தக் கையெழுத்துப் பதிவேட்டின் ஒரு பகுதி, பின்னாளில் கூரை ஒழுகி நனைந்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பயனற்றுப் போயிருந்தது. கணவரை இழந்த தாயார் ஒருவர், ஓய்வூதியத்திற்காகத் தமது நிக்காஹ் நாளையும் சாட்சிகளின் பெயரையும் கேட்டு நான்கு முறை வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார். கணிப்பொறி அகப்பட்ட செய்தி கேட்டு ஐந்தாம் முறையும் வந்தார். "ஹஜ்ரத், அந்தப் பொட்டியில எல்லாம் ஏத்தியிருக்குன்னு எங்க வூட்டுக்காரர் சொல்வாரே!" என்றார். என் பொழுதுபோக்கு அன்று தொடங்கியது.

இத்தகைய பெட்டி கையில் கிடைத்ததும் மின்னிணைப்புக் கொடுத்துப் பார்க்கும் ஆவல் எழும். அதை மட்டும் செய்யாதீர்கள். முதலில் மூடியைத் திறந்து தாய்ப்பலகையைப் பாருங்கள். விசைப்பலகை இணைப்பின் அருகே பீப்பாய் வடிவில் சிறு மின்கலம் ஒன்று இருக்கும். 3.6 வோல்ட் ஆற்றல் கொண்ட அந்த நிக்கல்-காட்மியம் மின்கலம், கணிப்பொறி அணைந்திருக்கும் வேளையிலும் நாளையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்கும் பொருட்டு வைக்கப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தால் அதிலிருந்து காரநீர் கசிந்து, பலகையின் செப்புத் தடங்களை அரித்துவிடும். பழைய கணிப்பொறிகள் பலவற்றின் உயிரைக் குடித்தது இதுவே. எங்கள் பெட்டியிலும் பச்சை பூத்திருந்தது. மின்கலத்தை வெட்டியெடுத்துவிட்டு, வினிகரைத் தொட்டுத் தேய்த்து, பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அறுந்திருந்த இரண்டு தடங்களை மெல்லிய கம்பி கொண்டு ஈயத்தால் பற்றவைத்தேன்.

அடுத்து மின்வழங்கி. அதிலுள்ள மின்தேக்கிகள் உப்பியிருந்தால் மாற்றியே ஆகவேண்டும். பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய கடைவீதிகளில் இவை சொற்ப விலைக்குக் கிடைக்கும். திரைப்பெட்டியின் பின்புறத்தை மட்டும் திறக்கவே வேண்டாம். படக்குழாய்த் திரை, அணைத்த பின்னரும் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக் கூடும். பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதனை இருமுறை சொல்லவேண்டும்.

மின்கலத்தை எடுத்ததும் வேறொரு வேடிக்கை நிகழ்ந்தது. கணிப்பொறி தன் வன்தட்டையே மறந்துவிட்டது! அக்காலத்து எந்திரங்களுக்கு, வன்தட்டில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்பதை மனிதனே எண்ணால் எழுதிக் காட்டவேண்டும். நல்லவேளையாக, தட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் அந்த எண்கள் அழியாமல் இருந்தன.

ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணிப்பொறியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. தூத்துக்குடிச் சீமையில் பிறந்த ஷிவ் நாடாரும் நண்பர்களும் எச்.சி.எல். நிறுவனத்தை 1976லேயே தொடங்கிவிட்டனர். 1984-85இல் மத்திய அரசின் திட்டம் ஒன்றின் கீழ், இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு வந்தன. இவற்றையெல்லாம் மேல்நாடுகளில் தேடித் தேடிச் சேகரிக்கின்றனர். 1976இல் கையால் செய்யப்பட்ட ஆப்பிள்-1 ஒன்றை, அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 2014இல் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. மஞ்சளான பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பாக்குவோரும் உளர். எனக்கு அதில் நாட்டமில்லை. பெட்டியின் நிறத்தால் யாருக்கு என்ன பயன்?

எனக்கு வேண்டியிருந்தது பிளாப்பி வட்டுகளில் இருந்தது. கணிப்பொறியில் இருந்த இயக்கி பழுதுபட்டுக் கிடந்தது. மாற்று இயக்கி ஓசூரில் கிடைத்தது. பழைய கடைசல் எந்திரங்களும் பூத்தையல் எந்திரங்களும் பிளாப்பி வழியே கட்டளை பெற்றவை என்பது உங்களில் பலர் அறியாத செய்தியாகலாம். அந்த இயக்கியின் இடத்தில் கோட்டெக் என்னும் சிறு கருவியைப் பொருத்தினால், விரலளவு யு.எஸ்.பி. குச்சியையே பிளாப்பியாக அந்த எந்திரங்கள் ஏற்றுக்கொள்ளும். அவ்வாறு கழற்றிப் போடப்பட்ட நல்ல இயக்கி ஒன்றை, எந்திரம் பழுதுபார்க்கும் அன்பர் ஒருவர் எனக்குத் தந்தார்.

இங்கே என் பிழையொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் ஆறு வட்டுகளும் நல்ல முறையில் படிக்கப்பட்டன. அந்த மகிழ்ச்சியில் ஏழாவது வட்டைப் பார்க்காமலேயே செருகிவிட்டேன். அதில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை இயக்கியின் தலையில் ஒட்டிக்கொண்டு, காந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டது. அது தெரியாமல் எட்டாவதையும் செருகினேன். அதுவும் கீறிப் பாழாயிற்று. உறையைப் பிரித்து, வட்டை நீரில் அலசி, நிழலில் உலர்த்திய பின்பே படிக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றேன். இயக்கியின் தலையை ஆல்கஹாலால் துடைத்து, எஞ்சிய மூன்றையும் அவ்வாறே படித்தேன்.

கோப்புகள் கிடைத்தன; ஆனால் புதிய கணிப்பொறியில் திறந்தால், கொம்பும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தது! காரணம் இதுதான்: கணிப்பொறிக்கு எழுத்தென்பது ஓர் எண். 1991இல் வந்த யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், அது நம் வீடுகளுக்கு வர நெடுநாளாயிற்று. அதுவரை ஒவ்வொருவரும் தத்தம் எண்வரிசையை வகுத்துக்கொண்டனர். கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை என அரும்பணிகள் நடந்தன. ஆயினும் ஒன்றின் ‘அ’ மற்றொன்றில் ‘அ’ அன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு பொதுக் குறியீடுகளை அறிவித்தது; 2010இல் யூனிகோடு அரசின் தரமாயிற்று. எங்கள் பெரியவரோ அதற்கெல்லாம் முன்னரே தம் பணியை முடித்துவிட்டார்.

ஆகவே பழைய கணிப்பொறியிலேயே, அவர் வைத்திருந்த மென்பொருளைக் கொண்டு கோப்பைத் திறந்தேன். கறுப்புத் திரையில் தமிழ் தெரிந்தபோது மதரஸாப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். எந்த எண் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டவணை எழுதினோம். வெறும் மாற்றீடும் போதவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தில் பழைய முறை முதலில் கொம்பையும், பின் ககரத்தையும், கடைசியில் காலையும் வைக்கும். யூனிகோடில் ககரமே முதலில் வரவேண்டும். ‘கொடை’ என்பதில் உள்ள கொம்பு தவறான எழுத்தோடு சேர்ந்துவிட்டால் பெயர்களெல்லாம் உருமாறிவிடும். எனவே பெயர் பெயராக ஒப்புநோக்க இரண்டு மாதம் சென்றது.

அந்தத் தாயாரின் நிக்காஹ், மூன்றாவது வட்டில் இருந்தது. நாள், மஹர் தொகை, வக்கீலின் பெயர், சாட்சிகள் இருவர். அச்சாட்சிகளுள் ஒருவர் கிருஷ்ணகிரியில் உயிரோடு இருக்கிறார். அவர் வந்து உறுதி கூற, ஜமாஅத் சான்றிதழ் வழங்கியது.

என்னால் பாழான இரு வட்டுகளில் எவர் எவர் பெயர் இருந்ததோ, அறியேன். அக்காலத்தில் இவ்வூரில் மணமுடித்தோர் தங்கள் வீட்டில் நிக்காஹ் அழைப்பிதழ் இருப்பின் எடுத்துவருமாறு ஒரு ஜுமுஆவுக்குப் பின் அறிவித்தோம். இதுவரை ஒன்பது வந்துள்ளன.