பரணில் கிடக்கும் தாத்தாவின் துப்பாக்கி: பயிருக்குக் காவலா, வீட்டுக்கு வம்பா?

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு நிலக்கடலைத் தோட்டம். காய் முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் கிளறிப் போட்டிருந்தன. "தாத்தா வாங்கின பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கி பரண்ல இருக்கு சார். அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. அதை எடுத்துச் சுடலாமா?" என்று கேட்டார் அந்த விவசாயி.

கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி உரிமம் அதைப் பெற்றவருக்கு மட்டுமே. நிலம்போல வாரிசுக்குத் தானாக வராது. உரிமதாரர் இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு புதிய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாழும்போதே வாரிசைக் குறிப்பிடலாம். உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. தாமதமாகிவிட்டதே என்று ஒளிக்காதீர்கள். வழக்கறிஞரைக் கலந்து முறைப்படி ஒப்படையுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கைமாற்றாக வாங்குவதும் தவறு. வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும். உரிமதாரர் விற்பதானால் 45 நாட்களுக்கு முன்பே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

உரிமம் இருந்தாலும் பன்றியை நாமே சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள். 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 1 கி.மீ.க்குள் சுட அனுமதியில்லை.

உரிமத்தோடு பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ. நீளமே இருக்கும். அதில் 70 மி.மீ. தோட்டாவைப் போட்டால் அழுத்தம் கூடி ஆபத்தாகலாம்.
* குழலில் அலையலையான வரிகள் தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்துக் காலத்தது, இன்றைய தோட்டாவை அதில் போடாதீர்கள்.
* உள்ளே துருக்குழி, குழலில் நெளிவு, பூட்டில் ஆட்டம் இருந்தால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டும்வரை சுடாதீர்கள்.
* தோல் நம் ஊர்ச் சரக்குதான். ஆனாலும் துப்பாக்கியைத் தோலுறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் தடவி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள்.

வெடிச்சத்தம் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். சில நாட்களில் பன்றிகள் அதற்குப் பழகிவிடும். சூரியசக்தி வேலிக்கு மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சாதீர்கள்; அது மனித உயிரையும் வாங்கும். சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே தெரிவித்து, இழப்பீடு கேளுங்கள்.

கடலை போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். பரணில் கிடப்பதை எடுத்து வழக்கில் சிக்கினால், தாத்தா சேர்த்த நிலத்தை விற்றுத்தான் வழக்கு நடத்த வேண்டிவரும்.