கண்ணும் மூட்டும்

இளைப்பாறிய ஆசிரியர் இருவர் வழியிற் சந்தித்தால் முன்பெல்லாம் இலக்கணத்தைப் பற்றி வாதிடுவர். இப்பொழுது ஒருவர் முழங்காலைத் தடவுகிறார். மற்றவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். சென்ற மாதம் நண்பரொருவர் என்னிடம், "கண்ணுக்கும் மூட்டுக்கும் என்ன உறவு? இரண்டும் வயதினால் தேய்பவை, அவ்வளவுதானே?" என்றார். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தால் இழந்ததை அவருக்குச் சொன்னேன். அதனையே இங்கும் எழுதுகிறேன்.

நாற்பத்து மூன்றாம் வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. எவ்வளவு அழகான சொல்! எழுத்து வெளுத்துப் போகிறதென்று பழியை எழுத்தின்மேற் சுமத்திவிட்டனர் நம் முன்னோர். உண்மையில் எழுத்து வெளுப்பதில்லை. விழிக்குள்ளிருக்கும் வில்லை இறுகிவிடுகிறது. இளமையில் அண்மைக்கும் தொலைவுக்கும் ஏற்பத் தன் உருவை மாற்றிக்கொண்ட வில்லை, இறுகியபின் அண்மைக்கேற்பக் குவிய மாட்டாது. இது நோயன்று, எல்லார்க்கும் வருவது. கண்ணாடி அணிந்தேன், தீர்ந்தது.

ஐம்பத்தாறாம் வயதில் வந்ததுதான் நோய். காலையில் எழுந்ததும் இரு கைவிரல்களும் மடங்க மறுத்தன. அவை இளக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வெண்கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவதற்குள் எழுத்துக் கோணிப்போகும். வகுப்பிற் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிருந்தது.

இவ்விடத்தில் இரு மூட்டுநோய்களைப் பிரித்தறிதல் வேண்டும். முதியோரின் முழங்காலிலும் இடுப்பிலும் பெரும்பாலும் காணப்படுவது தேய்வு. எலும்பு முனையை மூடியுள்ள குருத்தெலும்பு மெலிகிறது. நடந்தால், படியேறினால் நோகும். காலை விறைப்பு அரை மணிக்குள் நீங்கிவிடும். உடல் நிறையைக் குறைத்தலும் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் இதற்கு உதவுமளவுக்கு எண்ணெய் உதவாது. (எண்ணெய் தேய்த்துவிடுபவரின் அன்பு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை.) என்னைப் பிடித்ததோ முடக்குவாதம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவது அது. கைவிரல் முதலிய சிறு மூட்டுகளை, இரு பக்கமும் ஒத்தாற்போலப் பற்றும். வாதநோய் எண்பதென்று நம் பழைய மருத்துவ நூலோர் எண்ணினர். எண்ணிக்கை எதுவாயினும், எல்லா வாதமும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்; நாம்தான் மறந்துவிட்டோம்.

வைத்தியர் எனக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் மருந்தொன்றையும், அது வேலை செய்யத் தொடங்குமட்டும் சில கிழமைகளுக்குப் பிறெட்னிசொலோன் குளிசையையும் எழுதித் தந்தார். இக்குளிசை கோட்டிசோன் குடும்பத்தது. 1948 இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில், நடமாட இயலாது கிடந்த முடக்குவாத நோயாளியான பெண்ணொருத்திக்குப் பிலிப் ஹென்ச் குழுவினர் கோட்டிசோனை ஏற்றினர். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950 இல் ஹென்ச்சுக்கும் அவருடன் வேறிருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்பெண்ணின் மகிழ்ச்சி எத்தகையதென்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் என் சட்டைப் பொத்தானை நானே பூட்டினேன்.

அங்கேதான் தவறினேன். கிழமை மருந்து மெல்ல வேலை செய்தது. குளிசையோ உடனே வேலை செய்தது. முன்னதை விட்டேன், வைத்தியரிடம் போவதையும் விட்டேன். பழைய மருந்துத் துண்டைக் காட்டி மூன்றாண்டுக்குக் கிட்டக் குளிசையை வாங்கி விழுங்கினேன். கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்பு வீதி விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரிந்தது. வெயிலிற் பார்வை மங்கியது. வாசிக்கையில் எழுத்தின்மேற் பனி படர்ந்தாற் போலிருந்தது. இருமுறை கண்ணாடியை மாற்றினேன். ஈற்றில் கண்வைத்தியரிடம் போனபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "ஐயா என்ன குளிசை எடுக்கிறீர்கள்?" என்பது. கண்ணுக்கு வந்தவனிடம் இதை ஏன் கேட்கிறாரென்று உள்ளூரச் சினந்தேன்.

இரண்டு கேடுகள் நிகழ்ந்திருந்தன. வில்லையின் பின்புறத்திற் புரை படர்ந்திருந்தது. கண்ணுள் அழுத்தமும் ஏறியிருந்தது: 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருப்பது வழக்கம், எனது இடக்கண்ணில் 34. நெடுநாள் எடுக்கும் கோட்டிசோன் வகை மருந்துகள் இவ்விரண்டையும் உண்டாக்க வல்லவை. புரை கெடுத்ததை மீட்கலாம். அழுத்தம் பார்வை நரம்பை அரித்ததை மீட்க இயலாது. அது நோவதுமில்லை, இருளாகத் தோன்றுவதுமில்லை. வெண்கிண்ணம் போன்ற கருவியினுள்ளே நோக்கி, ஒளிப்புள்ளி தெரியுந்தோறும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல நேரம் ஒன்றும் தெரியாமற் காத்திருந்தேன். கருவி பழுதோ என்று கேட்டேன். பழுது கருவியில் இல்லை.

அன்றே குளிசையை நிறுத்திவிட எண்ணினேன். வைத்தியர் தடுத்தார். நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால், தன் சுரப்பை மறந்துபோன உடல் தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மாதக்கணக்கிற் சிறிது சிறிதாகக் குறைத்து, பழைய கிழமை மருந்துக்கு மீண்டேன்.

ஓவிய நண்பர் இருவரின் நினைவு அக்காலத்தில் அடிக்கடி வந்தது. 1862 இல் பாரிஸில் ஒரே கூடத்திற் பயின்ற மொனேயும் றெனுவாரும் முதுமையில் இந்நோய்களையே பங்கிட்டுக்கொண்டனர். றெனுவாருக்கு முடக்குவாதம். தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டு வரைந்தார் என்பர்; கட்டியிருந்தது தோலைக் காக்கும் துணியே, தூரிகையைப் பிறர் விரலிடையில் வைப்பார்கள். மொனேக்குக் கண்புரை. 1912 இற் கண்டறியப்பட்டும் அஞ்சி ஒத்திப்போட்டு, 1923 இலேயே வலக்கண்ணிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் தடித்த கண்ணாடியோடு நிறங்கள் பிழைபடத் தெரிகின்றனவென்று வருந்தினார். எனக்கு அத்துன்பமில்லை. போரிற் காயமுற்ற விமானிகளின் கண்ணிற் புகுந்த பிளாஸ்டிக் சிதறல்களைக் கண் பொறுத்துக்கொண்டதைக் கவனித்த ஹரல்ட் றிட்லி, 1949 இல் லண்டனில் அதே பொருளால் வில்லை செய்து ஒரு நோயாளியின் கண்ணிற் பொருத்தினார். அதன் வழிவந்த வில்லைகள் இன்று என் இரு கண்களிலும் உள்ளன.

நண்பருக்குச் சொன்ன வேறு சிலவும் உள. முடக்குவாதம் உள்ளோர்க்குக் கண் வறண்டு மணல் விழுந்தாற்போல் உறுத்துவது மூட்டுநோயின் கிளையாகவும் இருக்கலாம். கண் சிவந்து ஆழ்ந்து நொந்தால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். தாமே சொட்டு மருந்து வாங்கி விடலாகாது, அதிலும் கோட்டிசோன் வகை இருக்கக்கூடும். காலையில் முதுகு விறைக்கும் இளைஞனுக்குத் திரும்பத் திரும்பக் கண் சிவந்தால் இரண்டும் ஒரே நோயாகலாம். மூட்டுக்கு ஹைட்ரொக்சிக்குளோறோக்குயின் எடுப்போர் வைத்தியர் குறித்த காலத்தில் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளவேண்டும்.

இப்பொழுது எழுத்துத் தெளிவாகவே தெரிகிறது. இடக்கண்ணின் மேற்புறத்தில் ஒரு துண்டு உலகம் மட்டும் இல்லை. எஞ்சியதைக் காக்க ஒவ்வோரிரவும் ஒரு சொட்டு மருந்து விடவேண்டும். அந்தச் சின்னப் போத்தலை நெரிக்க என் விரல்களாற் கூடுவதில்லை. மனைவி விடுகிறாள், விடும்போது அவள் தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன்.