இரவு இரண்டு மணி நகல்

2023 ஆகஸ்டு 26ஆம் தேதியோடு இலங்கை அரசின் மூன்று மாதக் கடிதங்கள் காணாமல் போயின. 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' என்ற அரசுச் சர்வர் அமைப்பை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் வந்தவை, போனவை எல்லாம் அழிந்தன. சர்வரை 12 மணி நேரத்தில் எழுப்பிவிட்டார்கள், கடிதங்கள்தான் திரும்பவில்லை. நகல் எடுக்காமலா இருந்தார்கள்? எடுத்தார்கள். ஆனால் அந்த நகலும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குக் கீழே, லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கோ காய்கறிப் பண்ணைக்கோ இது தொலைதூரச் செய்தியல்ல. கொழுந்து நிறுவை, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேடு, இபிஎஃப், சொக்சோ சந்தாப் பட்டியல் எல்லாமே இன்று கணினிக்குள்தான். சிறிய அலுவலகங்கள் ஒரே ஒரு சர்வர் வாங்கி, அதற்குள் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒன்றில் கணக்கு, ஒன்றில் சம்பளம், இன்னொன்றில் கோப்புகள். செலவு மிச்சம்தான். அந்த ஒரு பெட்டி போனால் மூன்றும் சேர்ந்து போகும் என்பதும் உண்மை.

இதில் ஒரு வசதி இருக்கிறது. மெய்நிகர் கணினியின் வட்டு முழுவதும், விண்டோஸ், மென்பொருள், தரவு உட்பட, சர்வரின் கண்ணுக்கு ஒரே ஒரு பெரிய கோப்பு. கோப்பு என்றால் நகலெடுக்கலாம். மெய்நிகர் கணினிகளை லினக்ஸில் 'கேவிஎம்' வைத்து ஓட்டுபவருக்கு இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை என்பது என் கருத்து. கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். அதை இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓட்டுவது 'கிரான்'. ஐம்பது வரிக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கோப்பை அப்படியே நகலெடுத்தால், முன்பாதி இரண்டு மணிக்கு உரியதாகவும் பின்பாதி இரண்டரைக்கு உரியதாகவும் இருக்கும். இடையில் எழுதப்பட்டது பாதி இருக்கும், பாதி இருக்காது. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வேலை ஸ்னாப்ஷாட். 'விர்ஷ்' கட்டளை மூலக் கோப்பை அந்த நொடியோடு நிறுத்தி, அதன்பின் எழுதுவதையெல்லாம் தனியொரு மேல்கோப்புக்குத் திருப்பிவிடும். உள்ளே 'கெஸ்ட் ஏஜென்ட்' நிறுவியிருந்தால், நினைவகத்தில் தேங்கியதை வட்டுக்குத் தள்ளிவிட்டு ஒரு கணம் அசையாமல் நிற்கச் சொல்லும். மூலக் கோப்பு ஆற அமர நகலாகும். பிறகு 'பிளாக்கமிட்' கட்டளையால் மேல்கோப்பை மூலத்தோடு சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி அடி தவறினால் மேல்கோப்பு நாளுக்கு நாள் பெருத்து, வட்டு நிறைந்து, ஏதோ ஒரு சம்பள நாளில் எல்லாம் நின்றுபோகும்.

எழுதுவது சுலபம். ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தோற்பதுதான் தலைவலி. இரண்டு கட்டளைகளைக் குழாயால் இணைத்துத் தரவை 'ஜிஜிப்' கொண்டு சுருக்கும்போது, முதல் கட்டளை செத்தாலும் இரண்டாவது 'எல்லாம் சரி' என்றே முடியும். காலையில் போய்ப் பார்த்தால் இன்றைய தேதியிட்ட கோப்பு இருக்கும். அளவு 20 பைட். வெறுமையைச் சுருக்கினால் வருவது அதுதான். ஸ்கிரிப்டின் தலையில் 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பை இட்டால் இந்த ஏமாற்று நிற்கும். நகல் எழுத வேண்டிய யூஎஸ்பி வட்டு கழன்று கிடந்தாலும் ஸ்கிரிப்ட் கவலைப்படாது. அதே பெயருள்ள காலி அடைவில், சர்வரின் சொந்த வட்டிலேயே நகலை எழுதி வைக்கும். வட்டு இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் 'மவுன்ட்பாயின்ட்' என்ற ஒரு வரிச் சோதனை போதும், பலரும் அதை எழுதுவதில்லை.

பதினான்கு நாளைக்கு முந்திய நகல்களை அழிக்கும் வரி இன்னும் ஆபத்தானது. நகல் எடுப்பது தோற்றுக்கொண்டே இருக்க, அழிப்பது மட்டும் ஒழுங்காக நடந்தால், இரண்டு வாரத்தில் கடைசி நல்ல நகலும் போய்விடும். புதிய நகல் சரிபார்க்கப்பட்ட பிறகே பழையதைத் தொட வேண்டும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான 'ஸ்டீம்' விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட், ஒரு மாறி காலியாக இருந்ததால், பயனரின் கோப்புகளையே அழித்தது. பெரிய நிறுவனத்தின் ஷெல் ஸ்கிரிப்டுக்கே அந்தக் கதி.

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் கதை இன்னும் மோசம். 2017 ஜனவரி 31 இரவு, ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகை நகல் ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. நகலெடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்று வந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதனால்தான் 'தோற்றால் செய்தி அனுப்பு' என்பதை நான் நம்புவதில்லை. வெற்றி பெற்றால் தினமும் செய்தி வரட்டும், அது வராத நாளில் வேறொரு கணினி கூப்பாடு போடட்டும். மழையில் மின்சாரம் போய் சர்வர் அணைந்திருந்தால் கிரான் அந்த இரவைத் தாண்டிப் போய்விடும், பிறகு எழுந்து ஈடு செய்யாது. அதையும் இந்த முறை காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, நகல் எங்கே இருப்பது. 2013 அக்டோபர் 23 பின்னிரவில், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் ஆறு பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தது. மூவர் உயிரிழந்தனர், வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. இந்தப் பள்ளத்தாக்கில் சர்வர் ஓர் அறையிலும் நகல் வட்டு அடுத்த அறையிலும் இருப்பது நகலே அல்ல. ஒன்று தானா ராத்தாவிலோ ஈப்போவிலோ இருந்தாக வேண்டும். 40 ஜிபி கோப்பை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் மேலேற்ற ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும், விடிந்துவிடும். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் 'ரெஸ்டிக்', 'போர்க்' போன்ற இலவசக் கருவிகள் அதற்குத்தான் இருக்கின்றன.

அந்த வெளியூர்க் கணினி தானே வந்து நகலை இழுத்துப் போகட்டும். தோட்டத்துச் சர்வரிடம் அதன் கடவுச்சொல் இருக்கவே கூடாது. அப்போது சர்வருக்குள் புகுந்த வைரஸுக்கு வெளியூர் வட்டுக்குப் போக வழியிருக்காது.

இவ்வளவும் செய்தபின் மாதம் ஒருமுறை ஒரு நகலை வேறு கணினியில் அவிழ்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுமுன் அதன் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே முகவரியில் இரண்டு சம்பளக் கணினிகள் எழுந்து நிற்கும். உள்ளே போய், சென்ற மாத செக்ரோலைத் திறந்து, ஒரு தொழிலாளியின் தொகையை அச்சிட்ட சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனையை ஸ்கிரிப்ட் எழுதியவரிடம் விடாமல் தோட்டத்துக் கிராணியிடம் கொடுங்கள். எண் பிசகினால் அவர் கண்ணில்தான் முதலில் படும்.