பழைய இரும்பாகாமல் தப்பிய ரயில் வரலாறு

புனே: நீராவி என்ஜின்கள் ஓய்வு பெற்றபோது, அவற்றில் பெரும்பாலானவை பழைய இரும்புக்காக உடைக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காத்ததில் தனிமனித ஆர்வத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

தில்லியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்காக, பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் சாட்டோ கௌரவ ஆலோசகராக இருந்து அரிய என்ஜின்களைத் தேடிக் கண்டறிந்தார். புனேயின் பாவுசாகேப் ஜோஷி தேர்ந்தெடுத்தது வேறு வழி. கோத்ருட் பகுதியில் 1998-இல் அவர் தொடங்கிய சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில், நீராவி ரயில் முதல் மின்சார ரயில் வரையிலான மாதிரிகள் சிக்னல்களுடன் இயங்குகின்றன.

நிறுத்தி வைக்கப்பட்ட என்ஜின் தனது தோற்றத்தை மட்டுமே காட்டும். தண்டவாளம், சிக்னல், ரயில் ஆகியவை ஒன்றிணைந்து செயல்படும் முறையை ஓடும் மாதிரியே விளக்கும். அவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர்கள் தொடர்ந்து உருவாகாவிட்டால், அந்த அறிவும் மறைந்துவிடும்.