விளையாட்டுப் பெட்டியில் வண்ணம் பிறக்கும் வகை

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று பரணிலிருந்து இறங்குகிறது. படம் வருகிறது, வண்ணம் மட்டும் வரவில்லை. உடனே அதைப் பழுதென்று கருதிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவது தஞ்சைப் பக்கத்து வீடுகளில் நான் கண்டுவரும் வழக்கம். அப்பெட்டி குற்றமற்றதாகவே இருக்கலாம் என்பதை எடுத்துரைக்கவே முற்பட்டேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தின்மீது வண்ணத்திற்கென ஒரு துணையலை ஏற்றி அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அவ்வலையின் சில அதிர்வுகள் அளவுகோலாக வரும். திருவையாற்று மேடையில் தாளம் போடுபவர் சமத்தைக் காட்டுகிறார் அல்லவா? அது போன்றது இது. பாட்டு சமத்தில் எடுக்கிறதா, தள்ளி எடுக்கிறதா என்று நாம் அறிவதுபோல, அலை எவ்வளவு தள்ளி எழுகிறது என்பதைக் கொண்டே தொலைக்காட்சி மஞ்சளென்றும் சிவப்பென்றும் தெளிகிறது. அலையின் உயரமோ நிறத்தின் அடர்த்தி.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியிலுள்ள சில்லு, அலையின் ஒரு சுற்றை 12 இடங்களாகப் பகுத்து, இடத்திற்கொரு நிறமாக எடுத்தது. நம் சுரத்தானங்களும் 12 தாமே! தற்செயலான ஒற்றுமைதான், ஆயினும் எனக்கு அதில் ஓர் உவகை.

அமெரிக்காவும் ஜப்பானும் கைக்கொண்டது என்.டி.எஸ்.சி. முறை. அதில் 525 வரிகள். துணையலை வினாடிக்கு 35,79,545 முறை அதிரும். 1982இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிய நம் நாடு தேர்ந்ததோ பால் முறை: 625 வரிகள், 44,33,619 அதிர்வுகள். மேலும், இதில் அலையின் ஒரு கூறு வரிக்கு வரி தலைகீழாகத் திருப்பப்படுகிறது. ஒரு வரியில் நேரும் நிறப்பிழை அடுத்த வரியில் எதிர்ப்புறமாக விழுவதால், இரண்டும் கலந்து பிழை மறைகிறது. ஆகவே ஜப்பானியப் பெட்டியின் தாளம் நம் பழைய தொலைக்காட்சிக்குத் தாளமாகவே படாது. படிகத்தை மாற்றினாலும் போதாது. வரிதோறும் திருப்பும் சில்லும் வேண்டும்.

காவிரிப் படுகையிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கச் சென்றவர் பலர். அங்கெல்லாம் பெரும்பாலும் பால் முறையே வழங்கியதால், அங்கத்திய தொலைக்காட்சிகளுக்கென விற்ற பெட்டிகள் இங்கும் வண்ணம் காட்டின. அமெரிக்காவிலிருந்து வந்தவை வெளிறி நின்றன. தைவானில் உருவான பால் முறை நகல்களில் வேறொரு விந்தை. வண்ணம் வந்தது, வேகம் குறைந்தது. வினாடிக்கு 60 படங்களுக்கென எழுதிய ஆட்டம் இங்கே 50 படங்களில் ஓடியமையால், மாரியோவின் ஓட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மந்தமாயின. அதையே கேட்டு வளர்ந்தோர்க்கு மூல இசை அவசரமாகத் தோன்றுவது இயல்பு.

1977இல் வந்த அட்டாரி 2600 நிறத்தொகையிலேயே வேறுபட்டது: என்.டி.எஸ்.சி.யில் 128, பாலில் 104, பிரான்சின் செக்காம் முறையில் வெறும் 8!

ஆகவே நேயர்களே, பெட்டியை எடைக்குப் போடுமுன் அதன் அடிப்புறத்தில் எம்முறையென்று பொறித்திருக்கிறதா எனப் பாருங்கள். பிற்காலத்துத் தொலைக்காட்சிகள் பல இருமுறைகளையும் ஏற்பவை. வண்ண முறையைத் தெரிந்தெடுக்கும் வசதி அவற்றின் அமைப்புப் பட்டியலில் இருக்கும்.