மார்பகப் புற்றுநோயில் கட்டிக் குறிப்பான்கள்

கட்டிக் குறிப்பான்கள் என்பவை புற்றுநோய்க் கட்டியிலோ நோயாளியின் இரத்தத்திலோ சோதித்தறியக்கூடிய பொருள்கள். இவற்றுள் பெரும்பாலானவை புரதங்கள். கட்டியில் பார்ப்பது வேறு, இரத்தத்தில் பார்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

மார்பகக் கட்டியிலிருந்து ஊசியால் எடுக்கும் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 ஆகிய மூன்றையும் சோதிப்பர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் தமாக்சிபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மருந்துகள் பயன்தரும். மூன்றும் இல்லாத கட்டியை அறிக்கைகளில் 'டிரிபிள் நெகட்டிவ்' என்று குறிப்பர். அதற்கு ஹார்மோன் தடுப்பு மருந்தால் பயனில்லை.

இவற்றுள் ஹெர்2-இன் வரலாறு மாணவர்கள் அறிய வேண்டியது. 1987-இல் அமெரிக்க மருத்துவர் டெனிஸ் ஸ்லாமன் குழுவினர் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 30 விழுக்காடு கட்டிகளில் ஹெர்2 மரபணுவின் படிகள் அளவுக்கு மேல் பெருகியிருந்தன. அந்தப் பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியது. அவர்கள் உயிர்வாழ்ந்த காலமும் குறைவாக இருந்தது. அன்று ஹெர்2 ஒரு கெட்ட செய்தி மட்டுமே. ஆனால் அந்த மரபணு உண்டாக்கும் புரதம் செல்லின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருப்பதால், மருந்து அதைப் பற்றிக்கொள்ள முடியும். அப்படி உருவான டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன்பின் அதே குறிப்பான், எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் வழிகாட்டியாகவும் ஆனது. ஆகவே பழைய நூல்களில் உள்ள உயிர்வாழ்வுக் கணக்குகளை இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருத்தக்கூடாது. மேலும், அவை சராசரிகள். வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு ஒரு மாணவியின் மதிப்பெண்ணைச் சொல்ல முடியுமா?

21 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்பை மதிப்பெண்ணாகத் தரும் சோதனையும் உண்டு. ஆரம்ப நிலையில் உள்ள, ஹார்மோன் ஏற்பி கொண்ட, ஹெர்2 மிகாத நோயாளிகளுள் பலருக்குக் கீமோதெரபி தேவையில்லை என முடிவுசெய்ய இது உதவுகிறது.

இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 15-3 இவற்றைப் போன்றதன்று. நோய் பரவிய பின், சிகிச்சை பலனளிக்கிறதா என்று ஸ்கேனுடன் சேர்த்துப் பார்க்கவே அது பயன்படுகிறது. தொடக்க நிலையில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கல்லீரல் நோயிலும் கூடலாம். எனவே இரத்த அறிக்கை 'இயல்பு' என்று வந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டி, மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவையானால் திசுச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.