நெசவாளர் வாழ்ந்த கல் வீடுகள்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில், குளோஸ்டர்ஷயர் என்னும் கோட்டத்தில், கோல்ன் என்ற சிற்றாறு ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள பைபரி என்னும் கிராமத்தில் 'ஆர்லிங்டன் ரோ' எனப்படும் பழைய வீட்டு வரிசை ஒன்று உண்டு. தேன் நிறக் கல்லாலான தாழ்ந்த சுவர்கள். அச்சுவர்களை அமுக்கி நிற்பனபோல் தோன்றும் செங்குத்தான கூரைகள். கூரையினின்று முக்கோணமாக எட்டிப் பார்க்கும் சிறு சாளரங்கள். இங்கிலாந்திலேயே மிக அழகிய கிராமம் பைபரிதான் என்று கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் கூறினார். இவ்வரிசையின் படம் அந்நாட்டுக் கடவுச்சீட்டிலும் இடம்பெற்றதுண்டு.

ஆனால் மாணவ நேயர்களே, இதனை எழுப்பியவர்கள் அழகைக் கருதி எழுப்பவில்லை. கல்லும் கம்பளியும் மழையும் இட்ட கட்டளைக்கு அவர்கள் பணிந்தார்கள். அழகு தானே வந்து சேர்ந்தது என்பதே என் கருத்து.

முதலில் இவை வீடுகளே அல்ல. ஏறத்தாழ 1380-ஆம் ஆண்டில் துறவியர் மடம் ஒன்றுக்குரிய கம்பளிக் கிடங்காகவே இக்கட்டடம் தோன்றியது. ஆட்டு மயிர் அந்நாளில் இங்கிலாந்தின் பெருஞ்செல்வம். பதினேழாம் நூற்றாண்டில் அக்கிடங்கைத் தடுத்துப் பிரித்து நெசவாளர் குடும்பங்கள் வாழும் வீடுகளாக்கினர். வாயில்களும் சாளரங்களும் ஒரே ஒழுங்கில் அமையாமலும், கூரைகள் ஒரே உயரத்தில் நில்லாமலும் இருப்பதன் பொருள் இப்போது விளங்கும். ஒருவர் வரைந்து முடித்த திட்டமன்று அது; தேவை நேர்ந்தபோதெல்லாம் துளைத்தும் சேர்த்தும் வளர்ந்தது.

வீடுகளுக்கு எதிரே ஈரப் புல்வெளி ஒன்று இருக்கின்றது. அதற்கு 'ராக் ஐல்' என்று பெயர். சட்டங்கள் நாட்டிய தீவு என்று பொருள் கொள்ளலாம். வீட்டில் நெய்த கம்பளித் துணி அருகிலுள்ள ஆர்லிங்டன் ஆலைக்குச் செல்லும். அங்கே எண்ணெய்ப் பசை போக அலசி, அடித்துத் தடிப்பாக்குவர். பின்னர் இப்புல்வெளியில் மரச் சட்டங்களில் விரித்து உலர்த்துவர். ஆகவே வீடு, ஆலை, புல்வெளி மூன்றையும் ஒரே தொழிற்சாலையின் உறுப்புகளாகக் காண்பதே முறை.

இனிக் கல்லைப் பார்ப்போம். காட்ஸ்வோல்டு குன்றுகளின் சுண்ணாம்புக் கல், பல கோடி ஆண்டுகட்கு முன் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் படிந்தது. உடைத்துப் பார்த்தால் மீன் சினைபோல் நுண்ணிய உருண்டைகள் செறிந்திருக்கும். கலந்துள்ள இரும்பே தேன் நிறம் தருகின்றது. குழியிலிருந்து எடுத்த புதிதில் ஈரம் நிறைந்து மென்மையாயிருக்கும். காற்றுப் பட்ட பின் இறுகும்.

கூரைக்கும் கல்லேதான். ஓடு செய்யும் முறை வியப்புக்குரியது. அடுக்கடுக்கான படிவுள்ள கற்பாளங்களைக் குளிர்காலத்தில் ஈரமாகவே வெளியில் கிடத்திவிடுவார்கள். உள்ளே ஊறிய நீர் உறைந்து விரிய, பாளம் மெல்லிய தகடுகளாகப் பிளந்துவிடும். உளி செய்ய வேண்டிய வேலையை உறைபனி செய்துவிடுகிறது! தகட்டின் தலையில் துளையிட்டு, ஓக் மர முளை செருகி, வரிச்சுகளில் மாட்டுவர். இறவாரத்தில் மிகப் பெரிய ஓடுகள். மேலே செல்லச் செல்லச் சிறுத்து, முகட்டருகே கையகல ஓடுகள். பிளந்த கல்லில் பெரிதும் சிறிதும் கலந்தே கிடைக்கும். எதனையும் வீணாக்காமல் பயன்படுத்த இதுவே வழி. ஒவ்வோர் அளவுக்கும் தொழிலாளர் தனித்தனிப் பெயர் இட்டிருந்தனர். அவற்றுள் ஒன்று 'நெட்டைப் பிரமசாரி'! கணக்குப் புத்தகத்தில் இராத நகைச்சுவை கூரைமேல் இருந்தது போலும்.

கல் ஓடு முற்றிலும் நீர் புகாததன்று. மழைநீர் தங்காமல் விரைந்து வழிய வேண்டும். அதற்காகவே கூரை அத்துணைச் செங்குத்து. நூறு சதுர அடிக் கூரை ஏறத்தாழ ஒரு டன் எடை. அதனைத் தாங்கப் பருத்த மரங்கள் வேண்டும். சுவர் தாழ்ந்திருப்பதால் மாடியறை கூரைக்குள்ளேயே அடங்குகிறது; அவ்வறைக்கு ஒளி வேண்டித்தான் அந்த முக்கோணச் சாளரங்கள்.

படத்தில் காண்போர் மறந்துவிடும் ஒன்றுண்டு. உள்ளே அறைகள் குறுகியவை, ஒளி அரிது. அங்கே தறியோடு உழன்றவர்கள் ஏழைகள். பின்னர் துணித்தொழில் பெரிய ஆலைகளை நாடிப் பிற இடங்கட்குப் பெயர்ந்தது. காட்ஸ்வோல்டு கிராமங்கள் நலிந்தன. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாமையும் பழைய வீடுகள் பல எஞ்சியதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு செல்வரின் கண் இவற்றின்மேல் விழுந்தது. மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஹென்றி போர்டு, அருகிலுள்ள செட்வொர்த் ஊரிலிருந்த இத்தகைய வீடு ஒன்றை விலைக்கு வாங்கி, 1930-இல் கல் கல்லாகப் பிரித்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். மிச்சிகன் மாநிலத்தில், அவர் அமைத்த காட்சிக் கிராமத்தில் அது நிற்கின்றது. ஆர்லிங்டன் வரிசைக்கு அந்த நிலை நேரவில்லை. 1949-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை அதனை ஏற்றது. வீடுகளைப் பூட்டி வைக்காமல் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒன்றில் விடுமுறைக்கு வருவோர் தங்கலாம். மற்றவற்றில் குடியிருப்போர் அடுப்பு மூட்டுகிறார்கள். சாளரத்தருகே படமெடுக்க நெருங்கும் பயணிகளைக் கண்டால் திரையை இழுத்துவிடுகிறார்கள்.